நினைவுப் புத்தகமும் மாத்திரை டப்பாவும்

1990-களில் உகாண்டாவில் பல தாய்மார்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை பிறந்த நேரம், பெயர் வைத்தவர் யார், முதலில் பேசிய வார்த்தை எது, தகப்பன் வழியில் எந்தக் குலம், தாய் வழியில் எந்த ஊர், சின்ன வயதில் வந்த காய்ச்சல், பிடித்த சாப்பாடு எல்லாம் அதில் இருக்கும். நடுவே ஒரு போட்டோ ஒட்டியிருப்பார்கள். அம்மாவுக்கு என்ன நோய், அம்மா இல்லாத காலத்தில் நீ யார் வீட்டில் வளரப்போகிறாய் என்பதைக் கடைசிப் பக்கங்களுக்கு ஒதுக்கியிருப்பார்கள். அதற்கு நினைவுப் புத்தகம் என்று பெயர். எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்கள் தாங்களே நடத்திய நாக்வோலா என்ற சங்கம் அதை எப்படி எழுதுவது என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தது. சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணின் பையிலும் பாதி எழுதிய ஒரு நோட்டு இருந்திருக்கும்.

அதே உகாண்டாவிலும், தெற்கே தென்னாப்பிரிக்கா வரைக்கும் உள்ள நாடுகளிலும் இன்று கிளினிக்கில் கையில் கொடுப்பது ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. உள்ளே 90 மாத்திரை. நாளுக்கு ஒன்று வீதம் மூன்று மாதத்துக்கு வரும். ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் உள்ள வைரஸ், பரிசோதனையாலும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். தாய் தன் பிள்ளையின் கல்யாணத்தைப் பார்ப்பாள், பேரனையும் தூக்கிக் கொஞ்சுவாள்.

நோட்டிலிருந்து டப்பாவுக்கு வந்த தூரத்தை விஞ்ஞானத்தின் வெற்றி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். விஞ்ஞானம் பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் மருந்து கண்டுபிடித்த பிறகும் ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் அது கிடைக்காமல் செத்தார்கள். கண்டுபிடித்த இடத்துக்கும் சாகக் கிடந்தவரின் வாசலுக்கும் நடுவே நடந்தவர்கள் சாதாரண மனிதர்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் அதே கிருமி உடம்பில் உள்ளவர்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கம்பாலாவில் தொடங்க வேண்டும். நொரீன் கலீபா அங்கே முலாகோ மருத்துவமனையை ஒட்டிய பிசியோதெரபி பள்ளியின் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்தில் படிக்கப் போயிருந்த கணவர் கிறிஸ்டோபருக்கு எய்ட்ஸ் என்று 1986-ல் தெரிந்தது. முன்பு விபத்தில் சிக்கியபோது ஏற்றிய ரத்தத்தின் வழியாக வந்த தொற்று. ஹல் நகரத்து மருத்துவமனையில் அவரைத் தொட்டு, பேசி, மனிதராக நடத்தினார்கள். ஊருக்குத் திரும்பியபோது சொந்த நாட்டு மருத்துவமனையிலேயே கிட்ட வர அஞ்சினார்கள். 1987 ஜனவரியில் அவர் இறந்தார். அந்த ஆண்டே கலீபாவும் இன்னும் 15 பேரும் சேர்ந்து டாசோ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அந்தப் பதினாறு பேரில் பெரும்பாலோருக்குத் தொற்று இருந்தது. தாங்கள் நட்ட மரத்தின் நிழலில் உட்கார அவர்களுக்கு ஆயுள் கிடைக்கவில்லை.

டாசோவின் கையில் அன்று மருந்து கிடையாது. நோயாளி மெலிந்து மெலிந்து எலும்பாவதால் உகாண்டாவில் இந்த நோயை ‘ஸ்லிம்’ என்றே சொன்னார்கள். வீட்டுக்காரர்களே தட்டை எட்டி நின்று தள்ளுவார்கள், துணியைத் தனியாக எரிப்பார்கள். அந்த வீட்டுக்குள் டாசோ ஆட்கள் போவார்கள், படுத்திருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள், புண்ணைக் கழுவுவார்கள், எப்படித் துடைக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்களுக்குக் காட்டிக்கொடுப்பார்கள். நோயோடு நம்பிக்கையாக வாழலாம் என்று சொன்னார்கள். சாவுக்குக் காத்திருப்பவர் என்று ஊரே எழுதிவிட்ட ஒருவரைப் பார்த்து, நீங்கள் வாழ்ந்துகொண்டிருப்பவர் என்று சொல்ல அன்றைக்குத் துணிச்சல் வேண்டும். 1989-ல் பாடகர் ஃபில்லி லுடாயா தனக்கு எய்ட்ஸ் இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். உகாண்டாவில் அப்படிச் சொன்ன முதல் பிரபலம் அவர். பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும் போய்ப் பேசினார், அந்த ஆண்டு டிசம்பரிலேயே இறந்தார்.

தென்னாப்பிரிக்காவின் கதை வேறு. அங்கே கோபம் வந்தது, அந்தக் கோபத்துக்குக் காரணமும் இருந்தது.

1996-ல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு சிகிச்சை வந்துவிட்டது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எய்ட்ஸ் வார்டுகள் காலியாகத் தொடங்கின. விலை ஆண்டுக்கு ஒருவருக்கு 10,000 முதல் 15,000 டாலர். டர்பனிலும் ஜோஹன்னஸ்பர்கிலும் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டுகிறவருக்கு அந்த மருந்து கிடைத்தது. 1999-ல் நீதிபதி எட்வின் கேமரன் தனக்குத் தொற்று இருப்பதைப் பகிரங்கமாக அறிவித்தார். தன்னால் மருந்தை விலைகொடுத்து வாங்க முடிகிறது, அதனால்தான் உயிரோடு இருக்கிறேன் என்ற உண்மையையும் அவர் ஒளிக்கவில்லை. ஒரே நாடு, ஒரே கிருமி. நீதிபதி பிழைத்தார். அவர் வயதொத்த ஒரு தோட்டத் தொழிலாளிக்கு அந்த வழி திறக்கவில்லை.

பெயர் சொல்லிப் பேசுவதற்குக் கொடுக்க வேண்டிய விலையை குகு டிலமினி கொடுத்தார். டர்பனை ஒட்டிய குவாமாஷு குடியிருப்பைச் சேர்ந்தவர், 36 வயது, எச்.ஐ.வி.யோடு வாழ்வோர் சங்கத்தின் தன்னார்வலர். 1998 டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினத்தன்று தனக்குத் தொற்று உண்டென்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த மாதமே, அக்கம்பக்கத்து ஆட்களே அவரை அடித்துக் கொன்றார்கள். நம் குடியிருப்புக்கே கெட்ட பெயர் வாங்கித் தந்துவிட்டாய் என்பது அவர்கள் சொன்ன குற்றச்சாட்டு. யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. இன்று டர்பன் நகரத்தின் நடுவே ஒரு பூங்காவுக்கு அவர் பெயர் இருக்கிறது.

அதே டிசம்பர் 10-ம் தேதி, மனித உரிமை தினத்தன்று, கேப் டவுனில் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்துப் படிக்கட்டில் ஸாக்கி அஹ்மத்தும் சில தோழர்களும் உட்கார்ந்து சிகிச்சை கேட்டுக் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன் அப்படிப் பிறந்தது. சுருக்கமாக ‘டேக்’ என்பார்கள். குகு கொல்லப்பட்ட பிறகு அவர்கள் ஒரு டி-ஷர்ட் அச்சடித்தார்கள். மார்பில் கொட்டை எழுத்தில் ‘எச்.ஐ.வி. பாசிட்டிவ்’. இருக்கிறவரும் போடலாம், இல்லாதவரும் போடலாம். ஊர்வலத்தில் ஆயிரம் பேர் அதைப் போட்டு வந்தால் யாரை அடிப்பது? 2002 டிசம்பரில் கேப் டவுனை அடுத்த கையெலிட்சாவுக்கு வந்த நெல்சன் மண்டேலாவும் அதைத் தன் சட்டைமேல் போட்டுக்கொண்டார். எந்த அமைச்சரின் உரையும் அந்த ஒரு டி-ஷர்ட் செய்ததைச் செய்யவில்லை என்றே நினைக்கிறேன்.

டி-ஷர்ட் வெளியே தெரிந்த வேலை. உள்ளே நடந்த வேலைதான் எனக்கு இன்னும் பெரியதாகப் படுகிறது. சிகிச்சைக் கல்வி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தகரக் கொட்டகைகளில், தேவாலயக் கூடங்களில், கிளினிக் வராந்தாவில் பெஞ்சு போட்டு வகுப்பு நடந்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள் சிடி4 வெள்ளையணு என்றால் என்ன, அது 200-க்குக் கீழே போனால் என்ன ஆகும், மருந்தை ஒரு வேளை விட்டால் கிருமி எப்படிப் பழகிக்கொள்கிறது, எந்த மாத்திரைக்கு எந்தப் பக்கவிளைவு என்று ஒருவருக்கொருவர் கோசா மொழியில் விளக்கினார்கள். பரிசோதனைச் சீட்டை டாக்டர் மேஜையில் வைத்தால் இந்தப் பக்கத்திலிருந்தே வாசித்துக் கேள்வி கேட்க ஒரு கூட்டம் உருவாயிற்று. ‘மூன்று எழுத்து’ என்று ஜூலு மொழியில் மறைத்துச் சொன்ன நோயை இவர்கள் மூலக்கூறு வரை பிரித்துப் பேசினார்கள்.

படித்ததை வைத்து அவர்கள் முதலில் மோதியது மருந்துக் கம்பெனிகளோடு. மலிவு மருந்தை இறக்குமதி செய்ய வழிவிடும் சட்டத் திருத்தத்தை 1997-ல் தென்னாப்பிரிக்கா கொண்டுவந்தது. 39 மருந்து நிறுவனங்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2001 மார்ச்சில் பிரிட்டோரியாவில் விசாரணை தொடங்கியபோது ‘டேக்’ தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நீதிமன்றத்துக்குள் நுழைந்தது. உள்ளே வாதம், வெளியே ஆடலும் பாடலுமாக ஊர்வலம். உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்தது. ஏப்ரலில் கம்பெனிகள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

இந்த இடத்தில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. நம்முடைய 1970-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டுமே தந்தது. அந்த இடைவெளியில் வளர்ந்த சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீத், 2001 பிப்ரவரியில் மூன்று மருந்தும் சேர்த்து ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் சொன்னார். நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. அந்த விலை வெளியே வந்த பிறகு பழைய விலையை யாராலும் நியாயப்படுத்த முடியவில்லை.

கம்பெனிகளை அடுத்துச் சொந்த அரசாங்கம். நெவிராபைன் என்று ஒரு மருந்து. பிரசவ வலி தொடங்கும்போது தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்கு மூன்று நாளுக்குள் சில சொட்டு. குழந்தைக்குத் தொற்றுவது ஏறக்குறையப் பாதியாகக் குறையும். தயாரித்த கம்பெனி அதை ஐந்து ஆண்டு இலவசமாகவே தருவதாகச் சொன்னது. அரசோ மாகாணத்துக்கு இரண்டு இடங்களில் மட்டும் கொடுத்துப் பார்ப்போம் என்றது. மற்ற ஊர்களில் பிரசவித்த தாய்மார்கள் கேட்டும் கிடைக்கவில்லை. எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்ற சந்தேகத்தை ஜனாதிபதி தாபோ எம்பெக்கியே கிளப்பிக்கொண்டிருந்த காலம் அது. சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் எலுமிச்சையையும் சிபாரிசு செய்துகொண்டிருந்தார். 2000 ஜூலையில் டர்பனில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில் 11 வயது ந்கோசி ஜான்சன், உடம்புக்குப் பொருந்தாத பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு, கர்ப்பிணித் தாய்மார்களுக்கு மருந்து கொடுங்கள் என்று கேட்டான். பிறக்கும்போதே தொற்றோடு பிறந்தவன். அடுத்த ஆண்டு ஜூன் 1-ம் தேதி இறந்தான்.

‘டேக்’ அரசின் மேல் வழக்குப் போட்டது. 2002 ஜூலை 5-ம் தேதி அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: நெவிராபைனை இரண்டு இடங்களோடு நிறுத்தி வைப்பது அரசியலமைப்புக்கு முரண், தேவைப்படும் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் கொடுக்க வழி செய்யுங்கள். 2003 நவம்பரில் கூட்டு சிகிச்சைத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2004 ஏப்ரலில்தான் அந்தத் திட்டத்தின் மாத்திரை அரசு மருத்துவமனைக்கு வந்தது. ஏழைகளுக்குக் கிடைக்கும்வரை தானும் சாப்பிட மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்த அஹ்மத், தோழர்கள் மன்றாடிக் கேட்ட பிறகு 2003-ல் மருந்து எடுக்கத் தொடங்கினார். அரசின் தாமதத்தால் 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் வீணாகப் போயின என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008-ல் கணக்கிட்டார்கள். ஒரு பெரிய நகரத்தையே அள்ளிப் புதைத்த கணக்கு இது. பொறுப்பில் இருந்தவர்களுக்கு எந்தத் தண்டனையும் இல்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கையெலிட்சாவுக்கு வருவோம். கோசா மொழியில் ‘புது வீடு’ என்று பொருள். கேப் டவுனுக்கு வெளியே மணல்வெளியில், நிறவெறி அரசு 1980-களில் கறுப்பின மக்களைக் கொண்டுபோய்த் தள்ளிய இடம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2001 மே மாதம் அங்கே அரசு கிளினிக்குகளுக்குள்ளேயே கூட்டு சிகிச்சையைத் தொடங்கியது. ஆப்பிரிக்க ஏழைகளுக்கு இது சரிப்படாது என்று பெரிய இடங்களில் பேசிக்கொண்டிருந்த நேரம். அமெரிக்க உதவி நிறுவனத்தின் தலைவரே அந்த ஆண்டு, ஆப்பிரிக்கர்களில் பலருக்கு மேற்கத்திய நேரக் கணக்குத் தெரியாது, வேளைக்கு மாத்திரை சாப்பிட மாட்டார்கள் என்ற பொருளில் பேசினார். கையெலிட்சாவில் பதில் தயாராகிக்கொண்டிருந்தது. மருந்து தொடங்கும் ஒவ்வொருவரும் ஒரு துணையாளைக் கூட்டிவர வேண்டும். அக்காவோ, அண்டைவீட்டுக்காரியோ, யாராவது ஒருவர் வேளை தவறாமல் பார்த்துக்கொள்வார். வாரத்துக்கு ஒரு குழுக்கூட்டம் நடக்கும். 2006-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவோர் ஆப்பிரிக்காவில் 100-க்கு 77 பேர், வட அமெரிக்காவில் 55 பேர் என்று சொன்னது. கைக்கடிகாரம் இல்லாதவர்கள் என்று ஏளனம் செய்யப்பட்டவர்கள்தாம் அவர்கள்.

அந்தக் கிளினிக்கைச் சுற்றி வளர்ந்த பம்பனானி என்ற பெண்கள் குழு 2002-ல் செய்த ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் அவர்களும் நினைவுப் பெட்டிதான் செய்துகொண்டிருந்தார்கள், உகாண்டாவின் நோட்டைப் போல. இறந்த பிறகு பிள்ளைகள் திறந்து பார்க்கும் பெட்டி. மாத்திரை கிடைக்கத் தொடங்கியதும் வேலை மாறியது. ஆளுயரத் தாளைத் தரையில் விரித்து ஒரு பெண் அதன்மேல் படுப்பார். இன்னொருத்தி பென்சிலால் உடம்பைச் சுற்றிக் கோடு இழுப்பார். பிறகு பின்னால் நிழல் மாதிரி இரண்டாவது உருவம் ஒன்றையும் வரைவார்கள். அது தன்னைத் தாங்கிப்பிடித்தவரின் உருவம். உள்ளே வண்ணம் தீட்டுவார்கள். கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது, மாத்திரை எப்படி இறங்குகிறது, எந்தத் தழும்பு பிரசவத்தில் வந்தது, எது அடிபட்டதில் வந்தது என்று ஒவ்வொன்றாக. உடல் வரைபடம் என்று அதைச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு புத்தகமாக வந்தது, தலைப்பு ‘நீண்ட ஆயுள்’. பெட்டி, போகப்போகிற உடம்புக்காகச் செய்தது. வரைபடம், இருக்கப்போகிற உடம்புக்காக வரைந்தது. அன்றிலிருந்து இன்றைக்கு மாறிய கணம் எது என்று கேட்டால் நான் அந்தத் தாளைத்தான் காட்டுவேன்.

இன்றைக்கு வருவோம்.

தென்னாப்பிரிக்காவில் ஏறக்குறைய 80 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள், அவர்களில் சுமார் 60 லட்சம் பேர் மருந்து சாப்பிடுகிறார்கள். உலகத்திலேயே பெரிய சிகிச்சைத் திட்டம் அதுதான். 2005 வாக்கில் 54 வயதுக்கு இறங்கியிருந்த சராசரி ஆயுள் இன்று 65-ஐத் தாண்டிவிட்டது. சனிக்கிழமை தோறும் இடுகாட்டில் அடுத்தடுத்து நடந்த சவ அடக்கங்கள் ஓய்ந்தன. ஒன்றும் செய்யாமல் விட்டால் தொற்றுள்ள தாய்மார்களின் 100 பிள்ளைகளில் 15 முதல் 45 பேருக்கு அது போகும். இப்போது அங்கே மிகச் சில குழந்தைகளே தொற்றோடு பிறக்கின்றன. 350 டாலர் என்று சிப்லா சொன்னபோது உலகம் வாயைப் பிளந்தது. இன்றைய மாத்திரை அதைவிட நல்லது, ஆண்டுக்கு 40 டாலர் அளவில் கிடைக்கிறது.

இன்னொரு பெரிய மாற்றம், கிருமி பரவுவது பற்றிய அறிவு. மருந்தை முன்கூட்டியே தொடங்கினால் துணைவருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் ஓர் ஆய்வு காட்டியது. மலாவி, தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வேயோடு நம் சென்னையிலும் அது நடந்தது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டன: வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருந்தால் உடலுறவு வழியாக மற்றவருக்குத் தொற்றாது. ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் இன்று வீடு வீடாகச் சொல்லும் செய்தி இது. அன்று ‘தைரியமாக இருங்கள்’ என்று மட்டும் சொல்ல முடிந்தவர்கள், இன்று ‘உங்களால் யாருக்கும் ஆபத்தில்லை’ என்று சொல்கிறார்கள். தன்னைத் தானே நஞ்சாக நினைத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அந்த வார்த்தை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மருந்து வாங்கும் விதமும் மாறிவிட்டது. மொசாம்பிக்கின் தேதே மாகாணத்தில் 2008 முதல் நடக்கும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே ஊரைச் சேர்ந்த ஆறு பேர் ஒரு குழு. கிளினிக் பல மணி நேர நடை. மாதத்துக்கு ஒருவர் முறைவைத்துப் போய் ஆறு பேருக்கும் மாத்திரை வாங்கி வருவார், போனவர் தன் உடம்பையும் காட்டிவிட்டு வருவார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவருக்கும் டாக்டரைப் பார்த்த கணக்காகிவிடும். மீதி ஐந்து மாதம் காட்டு வேலைக்குப் போகலாம். ஒருவர் சாப்பிடாமல் விட்டால் மற்ற ஐந்து பேருக்கும் அன்றைக்கே தெரியும். கையெலிட்சாவில் 2007-ல் தொடங்கிய மருந்துக் குழுக்களும் இதே வழிதான். 25, 30 பேர் கூடுவார்கள், எடை பார்ப்பார்கள், பெயர் எழுதிய பொட்டலம் தயாராக இருக்கும், ஒரு மணி நேரத்தில் வேலைக்கு ஓடிவிடலாம். நடத்துவது நர்ஸ் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்.

எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. மாத்திரை டப்பாவைக் குலுக்கினால் சத்தம் வரும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு அந்தச் சத்தம் என்ன என்று தெரியும். அதனால் கிளினிக் வாசலிலேயே மாத்திரையைத் துணியிலோ பிளாஸ்டிக் பையிலோ கொட்டிக்கொண்டு, டப்பாவை எறிந்துவிட்டுப் போகிறவர்கள் இன்றும் உண்டு. சோதனை செய்துகொள்ளாத ஆண்கள் இருக்கிறார்கள். வேலை தேடி ஊர் மாறி மருந்தை விட்டவர்கள் இருக்கிறார்கள். தொற்றோடு பிறந்து, இப்போது பதின்பருவத்தில் வீம்புக்கு மாத்திரையைத் துப்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உகாண்டாவில் 2023-ல் வந்த ஒருபால் உறவு எதிர்ப்புச் சட்டத்துக்குப் பிறகு, கிளினிக்குக்கு வரவே பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ஊர்ப் பணியாளர்களின் வேலை இன்று இவர்களைச் சுற்றித்தான். சாகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், இன்று வராமல் போனவரைத் தேடிப் போகிறார்கள். பதிவேட்டில் மூன்று மாதமாகக் காணாமற்போன பெயருக்கு எந்தச் சந்து, எந்தத் தகர வீடு என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

‘டேக்’கும் கோர்ட்டிலிருந்து கிளினிக் வரிசைக்கு இறங்கி வந்தது. மற்ற சங்கங்களோடு சேர்ந்து ரிட்ஷிட்ஸே என்ற கண்காணிப்பை நடத்துகிறது. வெண்டா மொழியில் ‘நம் உயிரைக் காப்பது’ என்று அர்த்தம். நூற்றுக்கணக்கான அரசு கிளினிக்குகளில் அதன் ஆட்கள் போய்க் கேட்கும் கேள்விகள் எளிமையானவை. எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், மருந்து இருந்ததா, எத்தனை மாதத்துக்குக் கொடுத்தார்கள், ஊழியர் மரியாதையாகப் பேசினாரா. நோயாளி கிளினிக்குக்கு வராமல் போவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கேள்வியின் பதிலில்தான் இருக்கும்.

இத்தனை வேலைக்கும் காசு எங்கிருந்து வந்தது? பெரும் பங்கு அமெரிக்காவிலிருந்து. 2003-ல் அதிபர் புஷ் தொடங்கிய பெப்ஃபார் திட்டம் ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தது. அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனால் பணம் போன விதத்தில் ஒரு பிளவு இருந்தது. தென்னாப்பிரிக்கா தன் மாத்திரையைத் தானே வாங்கியது, நர்ஸுகளுக்குத் தானே சம்பளம் கொடுத்தது. சோதனை ஆலோசகர், தேடிப் போகும் ஆள், வரிசையில் நின்று கேள்வி கேட்கும் ஆள் போன்றவர்களில் ஏராளமானோர் வெளிப்பணத்தில் இருந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க உதவி நிறுத்திவைக்கப்பட்டது. பிப்ரவரி 25-ம் தேதி தென்னாப்பிரிக்கச் சுகாதார அமைச்சர், தொற்று இருப்பது தெரிந்தும் சிகிச்சையில் இல்லாத 11 லட்சம் பேரை ஆண்டு முடிவதற்குள் கொண்டுவருவோம் என்று பெரிய இயக்கத்தைத் தொடங்கினார். அதே வாரத்தில் வாஷிங்டனிலிருந்து ஒப்பந்தங்களை முடித்துக்கொள்ளும் கடிதங்கள் வந்தன. தேடிப் போகவேண்டிய ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று.

இவர்களைப் பெரும்பாலும் முழு ஊழியராகக் கருதியதில்லை. டாசோ காலத்தில் தன்னார்வலர் என்றார்கள். 2018-ல் தென்னாப்பிரிக்கா ஊர்ச் சுகாதாரப் பணியாளருக்கு மாதம் 3,500 ராண்ட் என்று வரையறுத்தபோதும் அதைச் சம்பளம் என்று சொல்லவில்லை, உதவித்தொகை என்றே சொன்னது. மருந்தைச் சிகிச்சை என்றும் மனிதரைச் சேவை என்றும் பிரித்துவைத்த பழக்கம் இது. இது தவறு என்று அழுத்தமாகவே சொல்கிறேன். மாத்திரை வயிற்றுக்குள் போவதற்கு அந்தப் பெண் காரணம் என்றால் அவளும் சிகிச்சையின் பகுதிதான்.

அடுத்த மருந்தும் வந்துவிட்டது. லெனகாபவிர் என்ற ஊசியை ஆண்டுக்கு இரண்டே முறை போட்டால் போதும், தொற்றையே தடுக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த சோதனையில் அதைப் போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை என்று 2024-ல் அறிவித்தார்கள். 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தர இந்திய நிறுவனங்கள் முன்வந்திருக்கின்றன. ஊசி வரும், விலையும் இறங்கும். ஆறு மாதம் கழித்து ஊசி போட்டுக்கொண்ட பெண்ணின் வாசலில் போய் ‘இன்றைக்கு ஊசி நாள், வா போகலாம்’ என்று கூப்பிட ஓர் ஆள் வேண்டும்.

2001 ஏப்ரலில் நைஜீரியாவின் அபுஜா நகரில் ஆப்பிரிக்க நாட்டுத் தலைவர்கள் கூடி, தங்கள் பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலான நாடுகள் இன்னும் அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. இனியாவது காப்பாற்றட்டும். அந்தப் பணத்தில் முதல் செலவாக, வீடு வீடாக நடக்கும் அந்தப் பெண்களுக்கு உதவித்தொகை என்று பெயரிடாமல் முழுச் சம்பளம் கொடுக்கட்டும்.